அப்பாவிடம் ஏன் மறைத்தீர்கள்?

கேள்வி: விசைப்படகில் கடலுக்குப் போகும் என் அப்பாவுக்கு 58 வயது. போன மாதம் படகிலிருந்து இறங்கும்போது விழுந்து தோள்மூட்டு நழுவிவிட்டது. அவசரப் பிரிவில் கெட்டமின் ஊசி போட்டு மூட்டைச் சரிசெய்தார்கள். மயக்கம் தெளியும்போது, கடலில் காணாமல்போன சித்தப்பாவின் பெயரைச் சொல்லிக் கத்தி அழுதார். ஊசிக்கு முன் டாக்டர் என்னிடம் ஏதோ விளக்கினார். பயந்துவிடுவார் என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. இப்போது அவர் சரியாகத் தூங்குவதில்லை, யாரிடமும் பேசுவதுமில்லை. உறவினர்கள் ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப்போகச் சொல்கிறார்கள். மனநிலை பாதித்துவிட்டதா?
- வாசகர், பாம்பன்

பதில்: தம்பி, டாக்டர் சொன்னதை அப்பாவிடம் சொல்லவில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கேள்விக்கான விடை அந்த வரியில்தான் இருக்கிறது.

1970 முதல் மருத்துவமனைகளில் இருக்கும் கெட்டமின், மூச்சையும் ரத்த அழுத்தத்தையும் பெரும்பாலும் தாழவிடாது என்பதால்தான் அவசரப் பிரிவுகளில் அதை நாடுகிறார்கள். அதே மருந்து, உடலை விட்டு விலகி மிதப்பது போலவும், இல்லாதவர்கள் எதிரே நிற்பது போலவும் காட்டக்கூடியது. ஏறத்தாழ 100-க்கு 12 பேருக்குத் தெளியும்போது இப்படிப்பட்ட கலக்கம் வரும் என்று அம்மருந்தின் விவரக்குறிப்பே சொல்கிறது. இதை முன்கூட்டியே சொல்லி, மனதுக்குப் பிடித்த ஒன்றை நினைத்தபடி கண்ணை மூடச் சொல்லி, தெளியும்வரை அருகில் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டால், நோயாளி தான் காண்பது மருந்தின் வேலை என்று அறிந்தே அதைக் கடந்து வருவார்.

உங்கள் அப்பாவுக்கு அந்த வாய்ப்பை நீங்கள் தரவில்லை. பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அதன் எண்ணைப் பார்த்தே கடலை அளக்கத் தெரிந்த மனிதருக்கு, தன் உடம்பில் ஏறப்போகும் மருந்தைப் பற்றிக் கேட்கும் துணிவு இருக்காது என்று முடிவுசெய்யும் உரிமையை உங்களுக்கு யார் கொடுத்தார்கள்? நினைவோடு இருக்கும் தகப்பனிடம் உண்மையை மறைப்பதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அது அவமரியாதை. மருந்து சில மணி நேரத்தில் அடங்கிவிட்டது. தம்பியை நிஜமாகவே கண்டோமா, புத்தி பேதலித்துவிட்டதா, பிள்ளைகள் முன்னால் என்னவெல்லாம் உளறினோம் என்று அவர் இன்றுவரை தனியாக மருகிக்கொண்டிருக்கலாம். அது ஊசியால் வந்தது என்று அந்த வீட்டில் அறிந்தவர் நீங்கள் ஒருவர்தான்.

தர்காவில் நம்பிக்கை உள்ளவர்கள் பிரார்த்தனைக்குப் போகட்டும். மருந்தின் விளைவுக்குப் பேய் என்று பெயர் சூட்டி அவரை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். இன்று இரவே அம்மாவையும் உட்காரவைத்து, டாக்டர் சொன்னதையும் நீங்கள் மறைத்ததையும் அவரிடம் சொல்லுங்கள். காணாமல்போன தம்பியைப் பற்றி அவர் பேசினால் தடுக்காதீர்கள். ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டிருப்பதால், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்; அதுவரை 14416 என்ற இலவச மனநல உதவி எண் இருக்கிறது. இனி எப்போது மயக்க ஊசி தேவைப்பட்டாலும், முன்பு நடந்ததை மருத்துவரிடம் முதலிலேயே தெரிவித்து, அவர் தரும் விளக்கத்தை அப்பாவிடமே நேராகச் சொல்லும்படி கேளுங்கள்.