கேமராவுக்குப் பக்கத்தில் நிற்கிற வேலை

பாம்பனிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். கூடவே மகனும், தாய்மாமனும். பையன் பிளஸ் டூ முடித்துவிட்டான், கேமராமேன் ஆக வேண்டும் என்கிறான். மாமாவோ சென்னையில் ஒரு தனியார் கல்லூரியில் செயற்கை நுண்ணறிவு இன்ஜினியரிங்குக்கு மேனேஜ்மென்ட் சீட் பேசி வைத்திருக்கிறார். அக்கா அழாத குறை. நானும் கவலைப்படாதீங்க என்றுதான் ஆரம்பித்தேன். ஃபீஸ் கணக்கைக் கேட்டதும் அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன். ராமேஸ்வரம் முதல் மூக்கையூர் வரை இதே கவலையோடு பலர் இருப்பீர்கள் என்பதால் அவரிடம் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

அக்கா, அந்த சீட் வேண்டாம். உங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகு கடலுக்குப் போகாது. கல்லூரியில் முதல் தவணை கேட்பதும் அதே மாதங்களில்தான். அதற்காக நகையை அடகு வைத்து, நாலு வருஷம் வட்டி கட்டி, பிடிக்காத படிப்பில் பிள்ளையை அரியர் வைக்க விடப்போகிறீர்களா? சொந்தக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டீர்கள். வட்டி கட்டப்போவது அவர்கள் இல்லை. ஆறே மாதத்தில் ஒளிப்பதிவாளர் ஆக்குகிறோம் என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களும் வேண்டாம். கேமராவும் வாங்கித் தராதீர்கள். சினிமா படப்பிடிப்புக்குப் பெரும்பாலும் அது வாடகைக்குத்தான் வருகிறது.

படிக்க, சென்னை தரமணியில் அரசின் எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனம் இருக்கிறது. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் படித்த இடம். ஒளிப்பதிவில் நான்கு ஆண்டுப் பட்டம், இடங்கள் குறைவு. அறிவிப்பு வந்ததும் தகுதியைப் படித்துப் பார்த்து விண்ணப்பிக்கட்டும். கிடைக்காவிட்டால் ராமநாதபுரத்திலேயே அரசுக் கல்லூரியில் ஒரு பட்டம் முடிக்கட்டும்.

நான் முக்கியமாகச் சொன்னது ஃபோகஸ் புல்லர் வேலையைப் பற்றி. மாமா அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை. நடிகர் நடந்து வரும்போது முகம் மங்காமல் லென்ஸின் ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே இருப்பவர் அவர். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 85 மி.மீ. லென்ஸின் துவாரத்தை எஃப் 1.4 வரை அகலத் திறந்து, இரண்டு மீட்டர் தள்ளி ஒரு முகத்தை எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர். கண் தெளிவாக இருக்கும், காது மங்கிவிடும். நடிகர் நாலு விரற்கடை முன்னால் சாய்ந்தால் கண்ணும் போய்விடும். அதனால் ஒத்திகையிலேயே டேப் பிடித்து அளந்து, நடிகர் நிற்கும் இடங்களில் தரையில் குறி ஒட்டி, ஒவ்வொரு தூரத்தையும் லென்ஸ் வளையத்தைத் திருப்பும் ஃபாலோ ஃபோகஸ் சக்கரத்தில் குறித்துக்கொள்வார்கள். டேக்கில் மானிட்டரை மட்டும் நம்பினால் கை பிந்திவிடும். ஆளின் நடையைப் பார்த்தே தூரம் சொல்லத் தெரிய வேண்டும்.

கேமரா உதவியாளர்களுக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. நம் தனுஷ்கோடியையே எடுத்துக்கொள்ளுங்கள். மணல் லென்ஸ் வளையத்துக்குள் போனால் நறநறவென்று அரைக்கும், உப்புக்காற்று கண்ணாடியில் படியும். மணலிலும் தண்ணீரிலும் பட்டுத் திரும்புகிற வெயிலில் லென்ஸை அகலத் திறக்கவே முடியாது. வெளிச்சத்தை எட்டில் ஒரு பங்காகக் குறைக்கும் 0.9 என்.டி. ஃபில்டர் போடுவார்கள், போதாவிட்டால் அதைவிட அடர்த்தியானது. அலையின் பளபளப்பை அடக்க போலரைசர் என்ற இன்னொரு ஃபில்டர். எது வேண்டும் என்பது ஒளிப்பதிவாளரின் முடிவு. ஆனால் தினமும் அதைக் கையில் எடுத்துக் கொடுப்பவனுக்கு ஏன் என்பதும் புரிய ஆரம்பிக்கும். பின்னாளில் அவன் தனியாகப் படம் எடுக்கும்போது இந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

உள்ளே நுழைய, சென்னையில் கேமரா வாடகைக்கு விடும் அவுட்டோர் யூனிட்களில் உதவியாளாகச் சேரலாம். சுமை தூக்கி, பெட்டி துடைத்து, பிறகுதான் லென்ஸ் கைக்கு வரும். சம்பளம் ஆரம்பத்தில் குறைவு. படம் இல்லாத மாதங்கள் வரும், பேட்டா பாக்கி நிற்கும். சங்க அட்டைக்கும் பணம் கட்ட வேண்டும். ஆகவே இரண்டு வருஷ அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் மட்டும் சேர்த்து வையுங்கள். அதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கக் கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

பையனுக்கு இது வருமா என்று மாமா கேட்டார். அதுவரை வாய் திறக்காதவன் போனை எடுத்துக் காட்டினான். அப்பாயி வாசலில் உட்கார்ந்து வலை பொத்துகிறார். வெளியே வெயில் கொளுத்துகிறது. முகம் இருண்டுவிடாமல், முகத்துக்கே வெளிச்ச அளவைப் பூட்டி எடுத்திருக்கிறான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லையாம். எனக்கு அது போதும்.

ஆனால் சினிமா ஆசை வேறு, இந்த வேலையில் ஆசை வேறு. அதனால் ஒரு பயிற்சி கொடுத்து அனுப்பினேன். அப்பா கடலில் ஆழத்தை, இரு கையையும் விரித்த நீளமான பாகக் கணக்கில் சொல்கிறார் இல்லையா, அதுபோல அவன் தூரத்தைச் சொல்லிப் பழக வேண்டும். தினமும் இருபது பொருள்: கம்பம், நங்கூரம், எதிரே வருகிற ஆள். முதலில் கண்ணால் தூரத்தைச் சொல்லி நோட்டில் எழுத வேண்டும், அப்புறம் டேப் வைத்து அளந்து பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டு மாதம் கழித்து அந்த நோட்டோடு வாங்க அக்கா. நோட்டு பாதியில் நின்றிருந்தால் வேறு படிப்பைப் பற்றிப் பேசுவோம்.