டக்காரில் ஒரு பருவம்: கேள்விகளும் பதில்களும்

செனகலின் தலைநகர் டக்காரில் ஒரு கல்விப் பருவம் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி, மேற்கு ஆப்பிரிக்கச் சமூகத்தையும் பண்பாட்டையும் படிக்கும் திட்டத்தில் மாணவர்களோடு பலமுறை சென்று வந்தவன் என்ற முறையில் இங்கே பதில் எழுதுகிறேன். கட்டணம், விசா, உதவித்தொகை ஆகியவற்றை உங்கள் கல்லூரி அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும்.

புறப்படும் முன் முதலில் செய்ய வேண்டியது என்ன?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அந்தச் சான்று செல்லும் என்பதால், கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போடாதீர்கள். அட்டையைப் பெட்டிக்குள் வைக்காமல் கடவுச்சீட்டோடு கையிலேயே வைத்திருங்கள். செல்லும்போது கேட்கலாம்; இந்தியாவுக்குத் திரும்பும்போது கட்டாயம் கேட்பார்கள். இல்லாதவரை ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்கலாம். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

பிரெஞ்சு தெரியாமல் சமாளிக்க முடியுமா?

வகுப்பறைக்கும் அரசு அலுவலகத்துக்கும் பிரெஞ்சு வேண்டும். வீட்டுக்கும் தெருவுக்கும் சந்தைக்கும் வொலோஃப் என்னும் உள்ளூர் மொழி வேண்டும். வொலோஃபில் நூறு சொற்கள் தெரிவதைவிட நலம் விசாரிக்கும் முறை தெரிவது பெரிது. எங்கள் மாணவி ஒருத்தி முதல் வாரத்தில் தெருமுனைக் கடைக்குப் போய், நேராக ரொட்டி என்ன விலை என்று கேட்டாள். கடைக்காரர் விலையைச் சொல்லவில்லை. அவளைச் சற்றுப் பார்த்துவிட்டு, "சலாமலேக்கும்" என்று தாமே தொடங்கினார். "நங்கா டெஃப்?" என்று எப்படியிருக்கிறாய் எனக் கேட்டார், "மாங்கி ஃபி ரெக்", அதாவது "இங்கேதான் இருக்கிறேன்", என்று அவள் திக்கித் திணறிச் சொன்னாள். அடுத்து "வீட்டார் எங்கே?" என்று பொருள்படும் "அனா வா கெர் கா?" வந்தது, அவர்கள் அங்கே நலமாக இருக்கிறார்கள் என்பதற்கு "ஞு ங்கா ஃபா" என்று சொல்ல வேண்டும் என்பதையும் அவரே கற்றுக்கொடுத்தார். அதன் பிறகுதான் விலை. நலம் விசாரித்து முடியும் முன் காரியத்தைப் பேசாதீர்கள். இதை நான் இன்னும் பலமுறை சொல்வேன்.

நான் சைவம். நான்கு மாதம் என்ன சாப்பிடுவது?

குடும்பத்தை ஒதுக்கும் முன்பே திட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு சொன்னால் வீட்டம்மாவுக்கு வருத்தமாகிவிடும். நண்பகலில் பெரும்பாலும் செபுஜென் இருக்கும். மீனும் தக்காளியும் காய்களும் வெந்த சாற்றில் அரிசியை வேகவைக்கும் இந்தச் சமையலை யுனெஸ்கோ 2021-இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அரிசி முழு அரிசியன்று. நம் ஊரில் கஞ்சிக்குப் போடும் குருணை. பிரெஞ்சுக்காரர்கள் நிலக்கடலை விளைவிக்க நிலத்தைத் திருப்பிவிட்டு, தங்கள் ஆட்சியிலிருந்த இந்தோசீனாவிலிருந்து குருணையைக் கொண்டுவந்து இறக்கிய காலத்தின் பழக்கம் இது. இன்று குருணை அல்லாத அரிசியை அங்கே யாரும் செபுஜென் என்று ஏற்க மாட்டார்கள்.

ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி அனைவரும் உட்கார்ந்து, வலக்கையாலோ கரண்டியாலோ உண்பார்கள். உங்கள் முன்னே உள்ள பகுதிதான் உங்களுடையது; நடுவில் இருக்கும் மீனுக்கும் மரவள்ளிக்கும் கை நீட்டக் கூடாது. வீட்டம்மா அவற்றைப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் தள்ளிவிடுவார். விருந்தாளி பக்கம் சற்று அதிகமாகவே வந்து சேரும். அடிப்பிடித்த காந்தலைச் சுரண்டித் தனியே வைப்பார்கள். அதற்கு ஹோஞ் என்று பெயர், அதற்குப் போட்டியும் உண்டு. வயிறு நிறைந்ததும் "சூர் நா" என்று சொல்லி எழுந்துவிடலாம்.

கோரே தீவிலிருந்து இரண்டு கோடி அடிமைகள் அனுப்பப்பட்டது உண்மையா?

இல்லை. டக்காரிலிருந்து இருபது நிமிடப் படகுப் பயணத்தில் உள்ள அத்தீவின் 'அடிமைகள் இல்லம்' 1776 வாக்கில் கட்டப்பட்டது. அங்கே வழிகாட்டிகள் காலங்காலமாகச் சொல்லிவந்த பெரிய எண்களை வரலாற்றாய்வாளர்கள் ஏற்பதில்லை. பெனினின் விடா, அங்கோலாவின் லுவாண்டா போன்ற துறைமுகங்களோடு ஒப்பிட்டால் கோரே வழியே சென்றவர்கள் மிகக் குறைவு. 1990-களில் இதைப் பற்றிக் கடுமையான சர்ச்சையே நடந்தது. ஆனால் எண் குறைந்ததால், அடிமைகளைக் கப்பலேற்றியதாகச் சொல்லப்படும் அந்த இல்லத்து வாசலின் கனம் குறைந்துவிடாது. 1992-இல் போப் இரண்டாம் யோவான் பவுல் அங்கே வந்துதான் மன்னிப்பு வேண்டினார். காலையிலேயே செல்லுங்கள். கூட்டம் வரும் முன் அந்த இருட்டறைகளில் சற்று நேரம் நிற்க முடியும்.

ஆப்பிரிக்காவில் பாதுகாப்பாக இருக்குமா? வெயில் தாங்குமா?

ஆப்பிரிக்காவைப் பற்றி எனக்குத் தெரியாது. டக்காரைப் பற்றிச் சொல்கிறேன். மூன்று புறமும் கடல் சூழ்ந்த முனை அது. ஜனவரியில் இரவில் கம்பளிச் சட்டை தேவைப்படும். கூட்டத்தில் கைப்பேசியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி கட்டாயமா?

மேலே எழுதியிருக்கிறேன்.

வொலோஃபும் தமிழும் ஒரு தாய் மக்கள் என்று செனகல் அதிபர் செங்கோரே சொன்னாரே! அதை ஏன் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை. செனகலின் முதல் அதிபரான செங்கோர் திராவிடப் பண்பாட்டின் மீது உண்மையான ஈடுபாடு கொண்டவர். 1974-இல் சென்னைக்கு வந்து அதைப் பற்றிப் பேசியவர். டக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஒப்பீட்டு ஆய்வு நடந்தது, நம் தமிழறிஞர் க. ப. அறவாணன் அங்கே பணியாற்றினார். நானும் முதல் மாதத்தில் அந்த மயக்கத்தில் இருந்தேன். 'ஃபி' என்றால் இங்கே, 'ஃபா' என்றால் அங்கே; 'கெர் கி' என்றால் அருகிலுள்ள வீடு, 'கெர் கா' என்றால் தொலைவிலுள்ள வீடு. நம் இகர அகரச் சுட்டு அப்படியே கண்முன் நிற்பதுபோல் இருந்தது. ஆனால் அருகுக்கு இகரமும் தொலைவுக்கு அகரமும் வருவது தொடர்பற்ற பல மொழிகளில் காணப்படும் போக்கு. அதை வைத்து உறவு கொண்டாட முடியாது.

இத்தனை ஒற்றுமையும் தற்செயலா? நீங்கள் ஐரோப்பியர் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறீர்கள்.

ஒற்றுமையை மட்டும் எண்ணினால் எந்த இரு மொழிக்கும் ஒரு பட்டியல் போடலாம். வேற்றுமையையும் எண்ண வேண்டும். மனிதன் 'நிட் கி', தண்ணீர் 'ந்தோஹ் மி', குதிரை 'ஃபஸ் வி' என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் தன் வகுப்புக்குரிய எழுத்தைச் சுமந்து வருகிறது. இந்த வகுப்பு முறை, வொலோஃபும் சேர்ந்த நைஜர்-காங்கோ என்னும் ஆப்பிரிக்க மொழிக் குடும்பத்தின் அடையாளம், தமிழில் இப்படியொரு முறை இல்லை. அவர்கள் வினையைச் செயப்படுபொருளுக்கு முன் வைக்கிறார்கள், நாம் இறுதியில் வைக்கிறோம். உறவுதான் வேண்டுமென்றால், சான்றுள்ள ஓர் உறவு இருக்கிறது. புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரியில் தோய்த்த நீலத்துணியைப் பிரெஞ்சு வணிகர்கள் 'கினே' என்ற பெயரில் செனகல் ஆற்றுக்குக் கொண்டுபோய், அதற்கு ஈடாகக் கருவேலம் பிசின் வாங்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டில் அத்துணி அங்கே பணமாகவே புழங்கியது. நம் நெசவாளியின் கைபட்ட துணி ஒரு பாலைவன ஓரத்தில் நாணயமாக இருந்ததைத் தேடிப் படிக்காமல், இல்லாத இரத்த உறவைத் தேடி நான்கு மாதத்தை வீணாக்குகிறோம் என்பதுதான் என் குறை. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத மாட்டேன்.

வீட்டில் பொதுவாக எந்த மொழியில் பேசுவார்கள்?

மேலே இரண்டாம் கேள்வி. அத்துடன், நலம் விசாரித்த பிறகே காரியம்.

மஞ்சள் காய்ச்சல் அட்டை வாழ்நாள் முழுதும் செல்லுமா?

செல்லும், 2016 முதல் அப்படித்தான். அட்டையைத் தொலைக்காதீர்கள்.

தங்கும் வீட்டுக்கு என்ன வாங்கிச் செல்வது? தேநீர் வேண்டாம் என்று சொல்லலாமா?

சர்க்கரையும் பச்சைத் தேயிலையும் வாங்கிச் செல்லுங்கள். அங்கேயே எந்தக் கடையிலும் கிடைக்கும். அத்தாயா என்னும் அந்தத் தேநீரை மூன்று சுற்றாகக் காய்ச்சுவார்கள். முதல் சுற்று கசக்கும், சுற்றுக்குச் சுற்று இனிப்புக் கூடும், மூன்றும் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். முதல் சுற்றோடு எழுந்து போகாதீர்கள், பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். குடித்து முடித்ததும் கண்ணாடிக் குவளையைக் கையிலேயே வைத்துக்கொண்டு இருக்காமல் வலக்கையால் உடனே திருப்பிக் கொடுங்கள். பத்துப் பேருக்கும் இரண்டு மூன்று குவளைகள்தான் சுற்றி வரும், அடுத்தவர் காத்திருப்பார்.