டீச்சரிடம் கேளுங்கள்: வேகம் கூடியது, வரிசை ஏன் இறங்கியது?

கேள்வி: டீச்சருக்கு வணக்கம். எனக்கு வயது 54. லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். சர்க்கரை வந்த பிறகுதான் ஓடவே தொடங்கினேன். போன வருஷம் இரண்டு மாரத்தான் ஓடினேன், நல்ல நேரம் 4 மணி 5 நிமிடம். இந்த வருஷம் பட்டறையில் ஆள் பற்றாக்குறை, ஒன்றுதான் ஓட முடிந்தது. அதை 4 மணி 2 நிமிடத்தில் முடித்தேன். ஆனால் மேஜர்ஸ் என்ற உலகப் பெரிய மாரத்தான்களின் அமைப்பு வெளியிடும் வயதுப் பிரிவு உலகத் தரவரிசையில் என் இடம் நூற்றுக்கணக்கில் கீழே போய்விட்டது. மகனிடம் காட்டக் கூச்சமாக இருக்கிறது. என் காலம் முடிந்துவிட்டதா? (வாசகர், பட்டர்வொர்த்)

பதில்: தம்பி, உங்கள் காலம் முடியவில்லை. நீங்கள் ஒரு ஓட்டம் குறைவாக ஓடியிருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அந்தத் தரவரிசை 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. தகுதிக் காலத்துக்குள் நீங்கள் ஓடிய மாரத்தான்களில் சிறந்த இரண்டின் புள்ளிகளைக் கூட்டித்தான் இடம் கொடுக்கிறார்கள். போன வருஷம் உங்களுக்கு இரண்டு ஓட்டத்துப் புள்ளி இருந்தது. இந்த வருஷம் ஒன்றுதான். மூன்று நிமிடம் முன்னேறியதால் வந்த கூடுதல் புள்ளி, ஓடாமல் விட்ட ஒரு மாரத்தானை ஈடுகட்டாது. பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதரைவிட, விடுமுறை எடுத்து இரண்டு ஓடியவர் மேலே நிற்பார். அந்த வரிசை அதைத்தான் சொல்கிறது. உங்கள் கால்களைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்று. நீங்கள் 50-54 பிரிவின் கடைசி வருஷத்தில் இருக்கிறீர்கள். ஐம்பது முடிந்த கையோடு வந்தவர்களுடன் போட்டி. எனக்கும் இப்படி நடந்தது. 59 வயதில் பினாங்கில் ஒரு 10 கிலோமீட்டர் ஓட்டத்தில் என் பிரிவில் பதினொன்றாவதாக வந்தேன். வீட்டுக்கு வந்து காலணியைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வருஷம் அதே பாதையில், 20 விநாடி மெதுவாக ஓடி, 60 வயதுப் பிரிவில் மூன்றாவதாக வந்தேன். அந்தப் பதக்கத்தைக் கையில் வாங்கியபோதுதான் இந்தக் கணக்கு எனக்கு விளங்கியது.

அதனால் வேறொரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உலக மாஸ்டர்ஸ் தடகள அமைப்பு ஒவ்வொரு வயதுக்கும், ஒவ்வொரு தூரத்துக்கும் ஓர் அளவு நேரம் வைத்திருக்கிறது. அந்த வயதில் உலகின் மிகச் சிறந்த ஓட்டக்காரர் எடுக்கக்கூடிய நேரம் அது. அதை உங்கள் நேரத்தால் வகுத்தால் உங்கள் சதவீதம் கிடைக்கும். 54 வயதுக்கு அந்த அளவு 2 மணி 25 நிமிடம், அதாவது 145 நிமிடம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நீங்கள் ஓடியது 242 நிமிடம். கிட்டத்தட்ட 60 சதவீதம். போன வருஷ 245 நிமிடத்தை 53 வயதின் அளவோடு, 144 என்று வைத்து, வகுத்தால் 59ஐக்கூடத் தொடாது. ஒரு வயது கூடியும் ஏறியிருக்கிறீர்கள், தம்பி! 60 வந்தால் உள்ளூர்த் தரம், 70 வட்டாரத் தரம், 80 தேசியத் தரம், 90 உலகத் தரம் என்று பிரித்திருக்கிறார்கள். நீங்கள் உள்ளூர்த் தரத்தின் வாசலில் நிற்கிறீர்கள். 100ஐ நெருங்குவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று தெரிய வேண்டுமானால் கனடாவின் எட் விட்லாக்கைச் சொல்வேன். 2004ல், 73 வயதில், டொராண்டோவில் 2 மணி 54 நிமிடம் 48 விநாடியில் முழு மாரத்தானை முடித்தவர்.

இந்தக் கணக்கிலும் ஒரு குறை உண்டு. அதற்கு வயது தெரியும், நம் ஊர்ப் புழுக்கம் தெரியாது. பெர்லின் மாரத்தான் பாதை சமதளம், செப்டம்பர் குளிர்ச்சி. 2022ல் கென்யாவின் மாரத்தான் வீரர் கிப்சோகே 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் ஓடியது அங்கேதான். பினாங்குப் பாலத்து மாரத்தானுக்கு நாம் நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணிக்கே கிளம்பியும், பாதி தூரத்தில் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டுகிறது. அங்கே ஓடியவரின் நேரமும் இங்கே ஓடியவரின் நேரமும் ஒரே பட்டியலில் அடுத்தடுத்து நிற்கின்றன. எனக்கு இதில் மனத்தாங்கல் உண்டு, மறைக்க மாட்டேன். ஆகவே ஒரே பாதை, ஒரே மாதம், போன வருஷ நான், இந்த வருஷ நான் என்று ஒப்பிடுங்கள். தண்ணீர்மலைக் கோயிலைத் தாண்டிப் பூங்கா வாசல் வரை நான் ஓடும் ஏற்றத்துக்குப் பன்னிரண்டு வருஷ நேரக்குறிப்பு என் நோட்டில் இருக்கிறது. எந்தத் தரவரிசையைவிடவும் அதை நான் நம்புகிறேன்.

சர்க்கரை இருப்பதால் இடுப்புப் பையில் குளுக்கோஸ் மிட்டாய் இல்லாமல் நீண்ட ஓட்டத்துக்குப் போகாதீர்கள். எவ்வளவு, எப்போது என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மகனிடம் அந்த 242 நிமிடத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: எனக்கு 47 வயது. 5 கிலோமீட்டருக்கு மேல் ஓடியதில்லை. இந்தப் புள்ளி, சதவீதம் எல்லாம் எனக்கும் உண்டா டீச்சர்? (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: மேஜர்ஸ் புள்ளி மாரத்தானுக்கு மட்டும்தான், அம்மா. வயதுச் சதவீதம் 5 கிலோமீட்டருக்கும் உண்டு. கோலாலம்பூர் தாமான் பூடு உலுவில் சனிக்கிழமை காலை பார்க்ரன் என்ற 5 கிலோமீட்டர் பொது ஓட்டம் நடக்கிறது. கட்டணம் இல்லை. ஓடி முடித்தபின் வரும் முடிவிலேயே உங்கள் சதவீதமும் இருக்கும். நடந்து முடித்தாலும் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். பதிவு செய்த பார்கோடை மட்டும் மறக்காமல் கொண்டுபோங்கள், அது இல்லாவிட்டால் நேரம் பதிவாகாது.