ரிப்போர்ட் ‘நெகட்டிவ்’ என்றால் நிம்மதியா?

கேள்வி: என் மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ. அவன் பையில் பேனா மாதிரி ஒரு வேப் (இ-சிகரெட்) கிடந்தது. கேட்டதற்கு, “கஞ்சா எண்ணெய்தான்மா, செடியிலேர்ந்து எடுக்கறது, ஒண்ணும் பண்ணாது” என்கிறான். பத்து நாளில் இரண்டு முறை வாந்தியும் நெஞ்சுப் படபடப்பும் வந்தன. ஒரு ராத்திரி முழுக்க, வாசலில் யாரோ நிற்கிறார்கள் என்று நடுங்கினான். மறுநாளே லேபில் யூரின் டெஸ்ட் எடுத்தோம். கஞ்சா உட்பட எல்லாமே நெகட்டிவ். இதை நம்பி விட்டுவிடலாமா?
– ஒரு தாய், திருப்பூர்

பதில்: விட்டுவிடாதீர்கள், சகோதரி. ரிப்போர்ட்டை மகன் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள். கஞ்சா என்று அவன் சொல்கிறான், சோதனை இல்லை என்கிறது. அடிக்கடி கஞ்சா இழுப்பவரின் சிறுநீரில் அதன் கழிவு பல நாள், சிலருக்கு வாரக்கணக்கில்கூடத் தெரியும். அவன் கொடுத்த சாம்பிளில் தண்ணீர் கலக்கவில்லை என்றால், அந்தப் பேனாவில் வேறு ஏதோ இருக்க வாய்ப்பு அதிகம். நிகோடின் மிஞ்சினாலும் வாந்தி, படபடப்பு வரும்தான். ஆனால் ராத்திரி முழுக்க நீடித்த அந்தப் பயம் அதோடு ஒட்டவில்லை. முதலில் சந்தேகப்பட வேண்டியது செயற்கைக் கன்னாபினாய்டு, அதாவது கஞ்சா போல மூளையில் வேலை செய்யும் செயற்கை ரசாயனம். வெளிநாட்டில் ஸ்பைஸ், கே2 என்று விற்பது இதைத்தான்.

செடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஆய்வுக்கூடத்துக்காக உருவாக்கப்பட்ட ஜேடபிள்யூஎச்-018 என்ற ரசாயனம் 2008-ல் ஜெர்மனியில் ஸ்பைஸ் பொட்டலங்களில் சிக்கியது. ஒன்றைத் தடை செய்தால் மூலக்கூறில் ஒரு முனையை மாற்றி அடுத்ததை இறக்கிவிடுவார்கள். சாதாரண யூரின் கிட்டில் உள்ள கஞ்சா சோதனை தேடுவது கஞ்சாவின் கழிவை மட்டுமே. இந்தச் செயற்கை ரசாயனங்களின் அமைப்பு வேறு என்பதால் அகப்படாது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி, அது போய் ஒட்டும் மூளையின் ஏற்பியை (ரிசெப்டார்) அரைகுறையாகத்தான் தூண்டுகிறது. இவற்றில் பெரும்பாலானவை முழு வேகத்தில் தூண்டும். திரவத்தில் எத்தனை மில்லிகிராம் கரைந்திருக்கிறது என்பது விற்பவனுக்கே தெரியாது, கஞ்சா வாடையும் வராது. கலப்படம் தனி ஆபத்து: 2018-ல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் இந்தச் சரக்கில் எலி மருந்தான ப்ரோடிஃபாகூம் கலந்திருந்து, 150-க்கும் மேற்பட்டோர் ரத்தக் கசிவோடு மருத்துவமனைக்கு வந்தார்கள். ஈறில், மூக்கில், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

வலிப்பு வந்தால் சாவியைக் கையில் திணிக்காதீர்கள், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ வேண்டாம். ஒருக்களித்துப் படுக்கவைத்து மணியைப் பாருங்கள். இந்தச் சந்தேகம் இருக்கும்போது முதல் வலிப்புக்கே 108-ஐ அழைத்துவிடுங்கள், ஐந்து நிமிடம் தாண்டக் காத்திருக்க வேண்டாம். உடம்பு கொதித்தால் சட்டையைக் கழற்றி, ஈரத்துணி போட்டு, ஃபேனைச் சுழலவிடுங்கள். மோர், எலுமிச்சை, வாந்தி எடுக்கவைப்பது எதுவும் இதை முறிக்காது. முறிமருந்தே கிடையாது, வலிப்பையும் பதற்றத்தையும் அடக்கும் ஊசி, டிரிப், கண்காணிப்பு, இவைதான் சிகிச்சை. வேப் பேனாவை ஜிப் கவரில் போட்டு எடுத்துப் போங்கள். “கஞ்சா இழுத்தான்” என்று சொன்னால் டாக்டர் வேறு திசையில் யோசிக்கக்கூடும். “செயற்கைக் கன்னாபினாய்டாக இருக்கலாம், யூரின் நெகட்டிவ்” என்றே சொல்லுங்கள். இசிஜி, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், சோடியம்–பொட்டாசியம் பார்க்கச் சொல்லலாம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களும் உண்டு.

இப்போது வலிப்பு இல்லை, சரி. அதற்காக அறையில் பூட்டி வைத்து நிறுத்தப் பார்க்காதீர்கள். தினமும் இழுப்பவர் திடீரென்று விட்டால் வியர்வை, வாந்தி, தூக்கமின்மை, சிலருக்கு வலிப்பும் வரும். இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். ஒரு நாளில் எத்தனை முறை, காலையில் எழுந்ததும் தேடுகிறதா, கடைசியாக எப்போது என்ற மூன்றையும் திட்டாமல் கேட்டுக் குறித்துக்கொண்டு போனால் டாக்டருக்கு உதவும். கிளம்பும் முன் பேச வேண்டுமென்றால் போதை மீட்பு உதவி எண் 14446, மனநலத்துக்கு 14416, இரண்டும் கட்டணமில்லாதவை.

போலீஸ் பயத்தில் தள்ளிப்போடுகிறீர்களோ என்னவோ. சொந்த உபயோகத்துக்கோ சிறிய அளவுக்கோ வழக்கானாலும், போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்புத் தரும் 64-ஏ பிரிவு, 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த மருத்துவமனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.