குண்டுச் சத்தம் இல்லாவிட்டால் போர்க்கதை சப்பென்று இருக்குமா?

போரைச் சொல்வதில் படம், நாவல், கவிதை, சித்திரக்கதை இவற்றில் எது உசத்தி என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "குண்டுச் சத்தமே இல்லாத போர்க்கதை சப்பென்றுதானே இருக்கும்?" என்றும் ஒரு வரி. போரைத் திரையில் மட்டும் பார்த்து வளர்ந்தவர் போலிருக்கிறது. அது உங்கள் பிழையில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2007-இல், இலங்கையில் யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, நாங்கள் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்தோம். சித்தி பாஸ்போர்ட் அலுவலாக வவுனியாவிலிருந்து வந்து, எங்கள் வீட்டில் இடம் போதாததால் பக்கத்து ஒழுங்கையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தா. ஜூன் 7 காலை, அம்மாவும் நானும் இடியப்பப் பார்சலோடு போனால் அறை திறந்து கிடக்கிறது. விடியமுன்னரே பொலிஸ் வந்து, கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழ்ச் சனத்தை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கொழும்பில் தங்கியிருப்பதைப் பொலிஸில் பதிந்த துண்டும் பிறப்புச் சான்றிதழும் தலையணைக்குக் கீழே பொலித்தீன் பையில் அப்படியே இருந்தன. குளியலறையில் ஒரு வாளி. அதற்குள் சித்தியின் இரண்டு சட்டையும் ஒரு சேலையும் சவர்க்காரத் தண்ணியில் ஊறிக்கொண்டிருந்தன.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அங்கேயே குந்தியிருந்து அலசிப் பிழிந்தா. ஈரத்தோடு வீட்டுக்குக் கொண்டுவந்து பல்கனியில் காயப்போட்டோம். இரவு வவுனியாவிலிருந்து சித்தி கோல் எடுத்தா. முதல் கேள்வியே, "அக்கா, ஊறப்போட்ட உடுப்பு நாறப்போகுது, பிழிஞ்சு போட்டீங்களோ?" அதற்குப் பிறகுதான் அழுதா. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்துக்குத் தடை போட்டது. சித்தி பிறகு கொழும்புப் பக்கமே வரவில்லை.

கொழும்புக்காரருக்கு என்ன யுத்தம் தெரியும் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவீர்கள். வன்னியில் கடைசிவரை நின்றவர்கள் பட்டதோடு இதை நான் ஒப்பிடவே இல்லை. அந்த வாளியும் யுத்தம்தான் என்கிறேன், அவ்வளவுதான். படங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை.

கவிதையில் கிடைத்தது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஈழத்துக் கவிஞர் எம்.ஏ.நுஃமான் எழுதிய 'புத்தரின் படுகொலை'யில் போர்க்களம் கிடையாது. சிவில் உடையில் பொலிஸ்காரர் புத்தரைச் சுடுகிறார்கள், புத்தகங்களை அடுக்கி அவருக்குச் சிதை மூட்டுகிறார்கள். இத்தனை வருஷம் கழிந்தும் எனக்கு அதைச் சத்தமாக வாசிக்க முடியாது.

சித்திரக்கதை என்றால் சின்னப்பிள்ளை விஷயம் என்று நினைக்காதீர்கள். ஜப்பானியச் சித்திரக்கதைக்காரர் கெய்ஜி நகசாவா ஆறு வயதில் ஹிரோஷிமா அணுகுண்டில் அப்பாவையும் அக்காவையும் தம்பியையும் இழந்தவர். 1966-இல் தாயைத் தகனம் செய்தபோது சாம்பலில் எலும்பே மிஞ்சவில்லை. குண்டின் கதிர்வீச்சு எலும்பையும் தின்றுவிட்டதே என்ற கோபத்தில்தான் அணுகுண்டைப் பற்றி வரையத் தொடங்கினார். 1973-இல் அவருடைய 'வெறுங்கால் ஜென்' சித்திரக்கதை வரத் தொடங்கியது. அதில் குண்டு விழும் பக்கங்களைவிட, ஒரு பிடி அரிசிக்கு அலையும் பக்கங்கள்தான் என் மனதில் நிற்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனாலும் சொல்லியே ஆகவேண்டும். 1987-இலிருந்து தமிழும் இந்த நாட்டில் அரச கரும மொழி. போன வருஷம் அடையாள அட்டை தொலைந்து ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள். தமிழில் எழுத ஆளில்லையாம். எனக்கு வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். அம்மாவின் அலுமாரியில் சித்தியின் அந்தப் பதிவுத் துண்டு இன்னும் இருக்கிறது. அதுவும் சிங்களத்தில்தான்.