டிசி கேட்பதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள்

தீபாவளி லீவு முடிந்த கையோடு இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கு ஒரே மாதிரிக் கடிதங்கள் வரும். முதல் செமஸ்டர் பிள்ளைகள் ஊருக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போக மறுக்கிற மாதம் அது. வயலில் சம்பா பயிர் நிற்கும், கையில் காசு இருக்காது, கல்லூரியில் கட்டியதெல்லாம் போய்விடுமோ என்று பெற்றோர் தவிப்பார்கள். இந்த முறை மூன்று கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மகனை திருச்சி பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இன்ஜினியரிங் சேர்த்தேன். தீபாவளிக்கு வந்தவன் படிப்பு பிடிக்கவில்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். கல்விக்கடன் மூன்றரை லட்சம் சாங்ஷன் ஆகி, முதல் வருடத்துக்கு 90,000 ரூபாய் காலேஜுக்குப் போய்விட்டது. ஹாஸ்டலுக்கு நகையை அடகு வைத்துக் கட்டினேன். டிசி கேட்டால் மீதி மூன்று வருட ஃபீஸையும் கட்டினால்தான் சர்டிபிகேட் என்கிறார்கள். இந்த மூன்றரை லட்சத்தையும் நான் அடைக்க வேண்டுமா?
– விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: அண்ணே, மூன்றரை லட்சம் இல்லை. சாங்ஷன் என்பது வங்கி தரச் சம்மதித்த தொகை, அவ்வளவுதான். கல்லூரிக்குப் போனது 90,000. மீதி 2,60,000 வங்கியிலேயே இருக்கிறது, அதற்கு வட்டியும் ஓடாது. ஆனால் இரண்டாம் வருடத் தொகை போய்விடாமல் இருக்க, மகன் படிப்பை விட்டு நிற்கப் போகிறான் என்பதை வங்கிக் கிளைக்கு எழுதிக் கொடுங்கள். கொடுக்கும்போது கையில் ஒரு நகல் வைத்திருந்து, அதில் சீலும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிட்டு வருவது நம் ஊர்ப் பழக்கம், பணம் போவதும் அதனால்தான்.

அந்த மூன்று வருட ஃபீஸைக் கட்டாதீர்கள். சேர்க்கையை ரத்து செய்யும் மாணவரிடம் அடுத்தடுத்த வருடங்களின் கட்டணத்தைக் கேட்கக் கூடாது, அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று, இன்ஜினியரிங் கல்லூரிகளை மேற்பார்க்கிற மத்திய அமைப்பான ஏஐசிடிஇ தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிளஸ் டூ மார்க் ஷீட் உங்கள் மகனுடையது, பிணையப் பொருள் இல்லை. அந்த விதியைக் குறிப்பிட்டு முதல்வருக்கு எழுதிக் கொடுங்கள், பதில் வராவிட்டால் ஏஐசிடிஇக்கும் கல்லூரி இணைந்திருக்கிற பல்கலைக்கழகத்துக்கும் புகார் அனுப்புங்கள்.

கட்டிய பணம் திரும்புமா என்றால், இங்கேதான் தேதி பேசுகிறது. வகுப்பு தொடங்கும் முன் விலகியிருந்தால் அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்திருக்க வேண்டும். தொடங்கிய பிறகு விலகினால், சேர்க்கையின் கடைசி நாளுக்குள் அந்த இடத்தில் வேறு மாணவர் சேர்ந்தால்தான் படித்த மாதங்களுக்குக் கழித்துக்கொண்டு தருவார்கள். இப்போது அந்தக் கெடுவெல்லாம் தாண்டிவிட்டது, அதனால் டெபாசிட் தொகையையும் சான்றிதழ்களையும் மட்டும் எதிர்பாருங்கள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், ஆனால் வராத பணத்துக்காக இன்னும் ஆறு மாதம் அலைய வேண்டாம். கலை அறிவியல் கல்லூரியில் பிள்ளையைச் சேர்த்தவர்களுக்குக் கணக்கு வேறு: பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-ல் சொன்ன விதிப்படி சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால் சிறு செயல்பாட்டுக் கட்டணம் போக முழுத்தொகை, அதற்குப் பிறகு கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம், கடைசித் தேதி தாண்டி 15 நாளுக்குள் 80 சதவீதம், 30 நாளுக்குள் 50 சதவீதம், அதற்கும் மேல் ஒன்றும் இல்லை.

இனி கடன். படிக்கிற காலமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது படிப்பவருக்கான சலுகை, நின்றுவிட்டவர் அதை நம்பி இருக்க முடியாது. குடும்ப வருமானம் வருடத்துக்கு நாலரை லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசு அந்தக் காலத்து வட்டியைக் கட்டுகிற திட்டம் ஒன்று இருக்கிறது, அதுவும் நடுவில் விடுபவருக்குக் கிடையாது. உடல்நலக் காரணமாக நின்றால் மட்டும் விதிவிலக்கு, அதற்கு மருத்துவச் சான்று வேண்டும். வட்டி பத்து சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 90,000-க்கு வருடம் 9,000 ரூபாய் உங்கள் தலையில் விழும். கடனில் உங்கள் பெயரும் சேர்ந்திருக்கிறது, தவணை தவறினால், கடனை ஒழுங்காக அடைக்கிறீர்களா என்று வங்கிகள் பார்க்கிற உங்கள் சிபில் ஸ்கோரும் சரியும், நாளைக்கு டிராக்டர் கடன் கேட்கும்போது இது எதிரே வந்து நிற்கும். நெல் போட்டுப் பணம் வருகிற மாதத்தைச் சொல்லி, அதற்கேற்ற மாதிரி தவணை கேளுங்கள். கேட்காதவருக்கு யாரும் மாற்றித் தருவதில்லை.

ஒன்று மட்டும் பையனிடம் கேட்டுப் பாருங்கள். பிடிக்கவில்லை என்பது படிப்பா, ஹாஸ்டலா, இங்கிலீஷ் புரியாத பயமா? என் அக்கா மகன் இதே மாதிரிதான் பாதியில் வந்தான். யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து வங்கி நோட்டீஸை அக்கா பிரித்தபோது வட்டிக் கட்டத்தில் இருந்த எண்ணை மூன்று தடவை விரல் வைத்து வாசித்தார். கல்லூரி அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்தது என்றால் முறையாக விண்ணப்பித்து ஒரு வருடம் வரை படிப்பை நிறுத்திவைத்துத் திரும்பச் சேர வழி இருக்கிறது. டிசி வாங்குவதற்கு முன் அதை விசாரியுங்கள்.

கேள்வி: மகன் அமெரிக்காவில் நியூஜெர்சியில் இருக்கிறான். பேத்தி அங்கேயே பிறந்தவள், கல்லூரியில் இரண்டாம் வருடம். எல்லா வகுப்பையும் விட்டுவிடப் போகிறேன் என்கிறாளாம். அரசு கொடுத்த உதவிப்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியிருக்கும் என்று மகன் புலம்புகிறான். உதவி என்று கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பார்களா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

பதில்: கேட்பார்கள் ஐயா. அங்கே மத்திய அரசின் உதவிப்பணம் செமஸ்டர் முழுக்கப் படிப்பதற்காகக் கொடுப்பது. படித்த நாட்களுக்கு மட்டுமே அது அவளுடையது. செமஸ்டர் 105 நாள், 42-ஆவது நாள் எல்லாவற்றையும் விட்டாள் என்றால் 40 சதவீதம்தான் அவள் சம்பாதித்தது. 5,000 டாலர் வந்திருந்தால் 2,000 நிற்கும், 3,000 திரும்ப வேண்டும். கல்லூரி தன் பங்கை 45 நாளுக்குள் அரசுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பணத்தைப் பேத்தியிடம் கேட்டுப் பில் அனுப்பும். 60 சதவீத நாட்களைத் தாண்டிவிட்டால் முழுப்பணமும் அவளுடையது. ஆகவே அந்த 60 சதவீத நாள் எது என்று நிதி உதவி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள், சில சமயம் இன்னும் ஒன்பது பத்து நாள்தான் பாக்கி இருக்கும்.

சொல்லாமல் நின்றுவிட்டால் இன்னும் மோசம். எல்லாப் பாடத்திலும் ஃபெயில் விழும், கல்லூரி பெரும்பாலும் பாதி செமஸ்டர்தான் படித்ததாகக் கணக்கு வைத்து மீதியைத் திருப்பிக் கேட்கும். ஒன்றிரண்டு வகுப்பை மட்டும் விட்டால் இந்தக் கணக்கு வராது, ஆனால் எடுத்த கிரெடிட்டில், அதாவது பாடங்களுக்கான மதிப்பலகில், சுமார் 67 சதவீதமாவது முடிக்க வேண்டும் என்று பெரும்பாலான கல்லூரிகளில் உண்டு. 15 எடுத்து 9 முடித்தால் 60 சதவீதம், அடுத்த முறை உதவிக்கு எச்சரிக்கை வரும். கல்விக்கடனும் வாங்கியிருந்தால், பாதி நேரப் படிப்புக்குக் கீழே இறங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்தில் தவணை தொடங்கிவிடும்.

உங்கள் தெருவில் யாராவது பிள்ளையை மாணவர் விசாவில் அனுப்பியிருந்தால் அவர்களுக்கும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இந்த அரசு உதவியே கிடையாது, ஆனால் இளநிலையில் 12 கிரெடிட்டுக்குக் கீழே போக, கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அதிகாரி முன்கூட்டியே அனுமதிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஒரு வகுப்பை விட்டு அதற்குக் கீழே இறங்கினாலும் விசா நிலையே போய்விடும்.

கேள்வி: நான் அரசுக் கல்லூரியில் பிஎஸ்சி இரண்டாம் வருடம். மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அம்மாவுக்கு ஆபரேஷன், வீட்டில் வேறு ஆள் இல்லை. ஒரு செமஸ்டர் நின்றுவிட்டு அடுத்த வருடம் சேர்ந்தால் பணம் தொடருமா?
– மாணவி, மயிலாடுதுறை மாவட்டம்

பதில்: தங்கச்சி, உனக்கு வருவது புதுமைப் பெண் திட்டப் பணம் என்று நினைக்கிறேன். அந்தத் திட்டத்தின் முழுப்பெயரில் இருக்கிற மூவலூர் உங்கள் ஊர்ப் பக்கம்தான். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 2022 செப்டம்பரில் தொடங்கியபோதே, இடைநிற்றல் இல்லாமல் படித்து முடிக்கும் வரைதான் பணம் என்று வைத்தார்கள். அதனால் "நிற்கிறேன்" என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே, டிசியும் வாங்காதே. ஆதிதிராவிடர் நல உதவித்தொகையும் வாங்குகிறாய் என்றால் இன்னும் ஜாக்கிரதை, வருடத்தின் நடுவில் விட்டால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க அந்த விதியில் இடம் இருக்கிறது.

விடுப்புக்கும் விலகலுக்கும் வித்தியாசம் உண்டு. பெரும்பாலான கல்லூரிகளில் 75 சதவீத வருகை இருந்தால் தேர்வு எழுதலாம், கொஞ்சம் குறைந்தால் மருத்துவச் சான்றும் அபராதமும் கட்டி எழுதலாம். ஒன்றிரண்டு பாடத்தில் அரியர் விழுந்தாலும் நீ அந்தக் கல்லூரி மாணவிதான், அடுத்த செமஸ்டருக்குப் போகலாம். ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ அம்மாவோடு இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் இதற்குள் அடங்கிவிடும்.

இதுவரை எத்தனை நாள் வகுப்புக்குப் போயிருக்கிறாய் என்று அலுவலகத்தில் எண்ணிப் பார்க்கச் சொல். அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு நகல் எடுத்து, ஒன்றை விடுப்புக் கடிதத்தோடு துறைத்தலைவரிடம் கொடு, இன்னொன்றைப் பத்திரமாக வை. ஆபரேஷன் தேதி முடிவானதும் எனக்கு எழுது, வருகைக் கணக்கைச் சேர்ந்தே போட்டுப் பார்க்கலாம்.