குளக்கட்டுச் செய்தி ஏன் இன்னும் வரவில்லை?

கேள்வி: ஐயா, முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு சிறு குளத்தின் கீழ் வயல் செய்கிறோம். சிறுபோகம் முடிந்ததும் குளக்கட்டையும், வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசையும் திருத்தினார்கள். முதல் மழைக்கே கட்டு அரித்துவிட்டது. கட்டுக்குப் போடும் கிரவல் மண்ணைக் குறைத்துப் போட்டது ஊருக்கே தெரியும். செய்தியாளர் ஒருவரிடம் சொல்லி மூன்று வாரமாகியும் ஒரு வரி வரவில்லை. முகநூலில் ஒருவர் ஒப்பந்தகாரரின் பெயரோடு 'களவு' என்று எழுதிவிட்டார். முகநூலுக்கு இருக்கிற துணிவு பத்திரிகைக்கு இல்லையா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: மூன்று வார மௌனத்தை வைத்து அந்தச் செய்தியாளர் பயந்துவிட்டார், விலைபோய்விட்டார் என்று முடிவெடுக்க வேண்டாம். உங்கள் முறைப்பாட்டில் ஒரு துண்டு குறைகிறது. கிரவல் குறைவு என்கிறீர்கள், சரி. எவ்வளவு போட்டிருக்க வேண்டும்? அந்த அளவு எஸ்டிமேட்டிலும், வேலையின் அளவுகளைப் பட்டியலிடும் பி.ஓ.கியூ.விலும்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் 'குறைவு' என்று எந்த ஆசிரியரும் அச்சேற்ற மாட்டார், ஏற்றவும் கூடாது. மண்ணை நனைத்து உருட்டாமல் விட்டாலும், புல் பதிக்காவிட்டாலும், மாடு ஏறி இறங்கும் தடம் இருந்தாலும் கட்டு அரிக்கும். அதில் எது என்று தெரியாமல் ஒருவரைக் கள்வன் என்பது செய்தியாகாது.

நான் செய்தி மேசையில் இருந்த காலத்தில், போடாத வீதிக்குப் பணம் எடுத்துவிட்டார்கள் என்ற செய்தியை நானே பார்த்து அனுப்பினேன். எங்கள் கைக்கு வந்த கடிதம் அதே பெயருள்ள வேறொரு வீதிக்குரியது. குற்றச்சாட்டு முன்பக்கத்தில் வந்தது, திருத்தம் உள்பக்கத்தில் நான்கு வரி. குறிப்பிடப்பட்ட அலுவலரின் பிள்ளைகள் அந்த ஊர்ப் பாடசாலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் சரிபார்த்திருக்கக்கூடிய விஷயம் அது. அதற்குப் பிறகு, மறுதரப்பிடம் கேட்காத எந்தச் செய்தியையும் நான் விடவில்லை.

அந்தத் துண்டை எடுக்கிற வழி உங்கள் கையிலேயே இருக்கிறது. இலங்கையின் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. 200 ஏக்கருக்குக் குறைவாகப் பாயும் சிறு குளங்கள் பெரும்பாலும் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. அங்கே உள்ள தகவல் உத்தியோகத்தரிடம் தமிழிலேயே எழுதிக் கொடுங்கள். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் எழுதிக்கொள்வது அவர் கடமை. ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்க முடியாது. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு செய்யலாம். அங்கும் நியாயம் கிடைக்காவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடம் போகலாம். கடிதத்தைக் கொடுத்ததற்கான பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்குங்கள்.

'குளத்தில் நடந்த ஊழல் விபரம் தருக' என்று எழுதினால் ஒன்றும் வராது. எஸ்டிமேட், பி.ஓ.கியூ., ஒப்பந்தப் பிரதி, அளவெடுத்த பதிவு, கொடுத்த பணத்தின் வவுச்சர் என்று ஆவணத்தின் பெயர் சொல்லிக் கேளுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது. இதே சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, உள்நாட்டு நிதியில் 5 இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட திட்டமென்றால், தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே அதன் விபரத்தை மக்களுக்கும் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டியது துறைக்குப் பொறுப்பான அமைச்சரின் கடமை. உங்கள் கமக்காரர் அமைப்புக்கு அப்படி ஏதும் வந்ததா? வரவில்லையென்றால் அதுவே தனிச் செய்தி.

அந்த விண்ணப்பத்தை நீங்கள்தான் போட வேண்டும் என்றில்லை. எந்தப் பிரஜையும் கேட்கலாம், செய்தியாளரே தன் பெயரில் போடலாம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. அறுபது குடும்பம் வயல் செய்கிற குளத்தில் 'பெயர் குறிப்பிட விரும்பாத கமக்காரர்' என்று எழுதினால் யாருக்கும் யார் என்று தெரியாதா? 'துருசடி வயல்காரர்' என்ற ஒரு சொல் போதும், அடுத்த போகத்தில் தண்ணீர் பங்கிடும்போது அவர் கேட்பாரற்று நிற்பார். ஆகவே செய்தியாளரிடம் பேசும் முன் கேளுங்கள்: என் பெயர் வருமா, படம் வருமா, குரல் பதிவு யாரிடம் இருக்கும்? பதில் சொல்லத் தயங்குபவரிடம் எதையும் கொடுக்காதீர்கள். சொன்னவரைக் காப்பது செய்தியாளர் செய்யும் தயவல்ல, அவருடைய கடமை.

பயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. செய்தியாளர் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2021 நவம்பரில் முள்ளிவாய்க்கால் பெயர்ப்பலகையைப் படமெடுத்த செய்தியாளர் தாக்கப்பட்டார். வன்னியில் செய்தி எழுதுபவர்களில் அநேகர் மாதச் சம்பளம் இல்லாமல், வெளியான செய்திக்கு மட்டும் காசு பெறுபவர்கள். குளத்துக்கு மோட்டார் சைக்கிளில் போய்வரும் பெற்றோலும் அவர்கள் கைக்காசுதான். ஆனாலும் அவரிடம் கணக்குக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. குளத்தைப் பார்த்தாரா, திணைக்களத்திடம் கேட்டாரா, ஆசிரியருக்கு அனுப்பினாரா? மூன்றுக்கும் 'இல்லை' என்றால் வேறு செய்தியாளரைத் தேடுங்கள்.

முகநூல் பதிவைப் பகிர வேண்டாம். குற்றவியல் அவதூறு 2002இல் நீக்கப்பட்டாலும் நட்டஈட்டு வழக்குப் போடலாம். 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது. பெயரை எழுதியவர் மட்டுமல்ல, பகிர்ந்தவரும் மாட்டிக்கொள்ளக்கூடும்.

விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை அரித்த இடம் அப்படியே இருக்காது. இரண்டு லோடு மண் கொட்டி மூடிவிட்டால் உங்கள் சான்று போய்விடும். அதனால் நாளைக் காலையே அமைப்பின் செயலாளரோடு போங்கள். அளவு நாடாவை விரித்து வைத்துக் கட்டின் அகலம், கிரவலின் தடிப்பு, அரிப்பின் ஆழம் மூன்றையும் பத்தடிக்கு ஒரு படமாக எடுங்கள். மிகுதி நீர் வழிந்தோடும் வானையும் துருசையும் ஒரே படத்தில் காட்டி எந்தக் குளம் என்று தெரியச் செய்யுங்கள். அளவுகளைக் கூட்டக் குறிப்பேட்டில் திகதியோடு எழுதி வந்தவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அந்தக் குறிப்பேடு செயலாளரிடம் இருக்கட்டும், செய்தியாளருக்குப் பிரதி மட்டும் போதும்.